குத்துப்பட்ட நாளுக்குச் சம்பளம்

குப்பை அள்ற வேலைல மூக்கு ஒரு வாரத்துல பழகிருமுங்க; கை மட்டும் எத்தனை வருசமானாலும் பழகாது.

நான் நல்லூர்ப் பக்கம் மூணு வீதிக்குத் தள்ளுவண்டி தள்ளினவ. பேரு மயிலாத்தா. வீதில ஆருக்கும் அந்தப் பேரு தெரியாது. விசில் ஊதினா, "குப்பை வந்துருச்சு"ம்பாங்க. வந்தது நானுங்க, குப்பை அவங்க ஊட்டுக்குள்ள இருக்குது. இதுக்கெல்லாம் கோவிச்சுட்டிருந்தா வண்டி நகருமா?

சம்பளத்துல சொல்லாம கொள்ளாமக் கை வச்சுட்டு, "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்"னு சொன்னதக் கேட்டவங்க இதப் படிக்கறவங்கள்லயும் இருப்பீங்க. மில்லுல கேட்டிருந்தாலும் சரி, பள்ளிக்கூடத்துல கேட்டிருந்தாலும் சரி, நீங்க நம்மாளுதான். வாங்க, பக்கத்துல உக்காருங்க. நான் சொல்றது ஊட்டுக்கு ஊடு இலவச டி.வி. வந்த சமயம். அட்டைப் பெட்டியும் தெர்மாகோலும் வண்டி கொள்ளாம வந்துட்டிருந்துச்சு. அந்த வருசந்தான் நாங்க ஒம்போது நாள் வண்டிய எடுக்காம உக்காந்தது.

வெள்ளக்காரன் திருப்பி அனுப்பாத மூட்டை

மத்த ஊர்க் குப்பைல முள்ளும் கண்ணாடியும் இருக்கும். எங்க ஊர்க் குப்பைல அதோட ஊசியும் இருக்கும். பனியன் தைக்கற ஊருங்க எங்களுது, அதனால தையல் மிசின் ஊசி. என் வழில ஊடுகளுக்கு நடுவுலயே ஏழெட்டு சின்ன யூனிட்டுக இருந்துச்சு. ஊசி ஒடஞ்சா டைலரு புதுசு மாட்டிட்டுத் தச்சுட்டே இருப்பாங்க. ஒடஞ்சது கீழ விழுந்து, நூலோட, கட்டிங் வேஸ்ட்டோட சேத்துக் கூட்டி மூட்டைக்குள்ள வந்துரும். பாத்தா மெத்துனு தலகாணி மாதிரி இருக்கும். தூக்கலாம்னு கைய வச்சா சுருக்குனு ஏறும்.

ஒருக்கா பொறுக்க மாட்டாம ஒரு யூனிட் ஓனர்கிட்டப் போய்ச் சொன்னேன். பெரிய கம்பெனிகள்ல ஒடஞ்ச ஊசியத் துண்டு துண்டாத் தேடி எடுத்து நோட்டுல ஒட்டி வைக்கறாங்களாமுங்க, நீங்க ஒரு பாட்டில்ல போட்டு வச்சாலே போதும், நான் தனியா எடுத்துக்கறேன்னு பணிவாத்தான் கேட்டேன். நல்ல மனுசன், திட்டலை. எனக்கு டீ கூடச் சொன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சுட்டே கேட்டாரு: "ஏனுங்க, துணில ஊசி இருந்தா வெள்ளக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்பிருவான். குப்பைல இருந்தா ஆருங்க திருப்பி அனுப்பப் போறாங்க?"

உள்ளுக்குள்ள இருக்குதாம்

வண்டிக நிறுத்தற எங்க ஷெட்ல இருபத்தி மூணு பேரு. குத்துச்சுன்னா விரலைக் கொண்டுபோய் மேஸ்திரிகிட்டக் காட்டணும். அவரு அமுக்கிப் பாப்பாரு. ரத்தம் வந்தாச் சீட்டு எழுதுவாரு. ஆசுபத்திரில ஒரு ஊசி போட்டுட்டு ரெண்டு நாள் ஊட்டுல கெடக்கலாம், அந்த ரெண்டு நாளுக்கும் சம்பளம் உண்டு. எங்களுக்குள்ள அதுக்குக் குத்து நாள்னு பேரு. அதுபோக சோப்புக்கு, தேங்காயெண்ணெய்க்கு, துணி தொவைக்கன்னு தனித்தனியாப் படிப் பணம் இருந்துச்சு. தீவாளிக்கு முந்தின வாரம் மட்டும் ஷெட்ல பாதிப் பேருக்குக் குத்தும், அது வேற கதை. பொய் சொல்லக் கூடாதில்லீங்களா?

அப்பறம் குப்பைக் காண்ட்ராக்ட் கை மாறுச்சு. புதுசா வந்தவரு ஆபீஸ்ல இருந்து ஒரு நோட்டீஸ் அனுப்பிச் செவுத்துல ஒட்டச் சொன்னாரு. ஷெட்ல படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்தி, அஞ்சாவது வரைக்கும் போனவ. தெனமும் வண்டி எடுக்கறதுக்கு முன்னால வருகை நோட்டுல மத்தவங்க கைநாட்டு வைப்பாங்க, நான் மட்டும் பேனா கேட்டு வாங்கி 'ப. மயிலாத்தாள்'னு வால் சுழிச்சுப் போடுவேன். அவ்வளவு திமிரு. அதனால நோட்டீஸையும் நாந்தான் சத்தமாப் படிச்சேன். படியெல்லாம் இனிமே தினக் கூலிக்குள்ளயே அடங்குமாம். வராத நாளுக்கு, குத்துப்பட்டு வராம இருந்தாலும், சம்பளம் கெடையாதாம். கூலி மட்டும் அதே பழைய கூலி. அப்ப அந்தப் படிக எங்கீங்க போச்சுன்னு மேஸ்திரியக் கேட்டோம். அவரு நோட்டீஸைக் கண்ணுக்குக் கிட்டத்துல வச்சு ரெண்டு தடவை பாத்தாரு. "உள்ளுக்குள்ளதான் இருக்குதுங்கறாங்க அம்மணி. எங் கண்ணுக்கும் தெரியலை."

செசிலியக்கா விரல்

நோட்டீஸ் ஒட்டி மூணாம் வாரம் செசிலியக்காவுக்குக் குத்துச்சு. அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பனியன் வேலைக்குன்னு வந்து, கண்ணு மங்கி, குப்பை வண்டிக்கு வந்தவங்க. எனக்குப் பக்கத்து வீதி. நானும் அவங்களும் சண்டை போடாத நாளு கெடையாது, சேந்து சோறு திங்காத நாளும் கெடையாது.

மேஸ்திரிகிட்டக் காட்டுனா ரெண்டு நாள் நிறுத்திப் போடுவாங்கன்னு அக்கா மூச்சு விடலை. சுண்ணாம்பும் மஞ்சளும் வச்சுக் கட்டி, மேல பனியன் துணியச் சுத்திக்கிட்டாங்க. என்னக்கான்னு நான் கேட்டதுக்குக் கதவுல நசுங்கிருச்சுன்னாங்க. நானும் நம்பித் தொலைச்சேன். ஆறாம் நாளு வண்டிப் புடியப் புடிக்க முடியாம நடுவீதில உக்காந்துட்டாங்க. கட்ட அவுத்தா விரலு கத்திரிக்கா நெறத்துல இருக்குது. ஆசுபத்திரில, விரலை எடுத்தாத்தான் கை மிஞ்சும்னுட்டாங்க. நான் வார்டுலயே உக்காந்து ஓன்னு அழுதேன். அக்காதான் இன்னொரு கையால என் தலைல தட்டுனாங்க. "ஏன்ளா இப்படி அழுத? சுண்டு வெரலுதான போச்சு? அஞ்சு நாளு சம்பளம் போவலைல்லா."

நாயமான கோரிக்கை

அதுக்கு மக்கியா நாளு ஆரும் வண்டிய எடுக்கலை. எங்க தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் வந்து எங்களை ஷெட்டு முன்னால வேப்பமரத்தடில உக்கார வச்சாரு. மத்த ஷெட்டுகளும் ஒண்ணொண்ணா உக்காந்துச்சு. நாங்க கேட்டது ரெண்டுதானுங்க. குத்து நாளுக்குச் சம்பளம் பழையபடி வேணும். செசிலியக்காவ வேலைய விட்டு நிறுத்தக் கூடாது. அக்காவும் கட்டுப்போட்ட கையோட வந்து எங்க நடுவுல உக்காந்திருந்தாங்க.

முதல் நாளு வீதிக்காரங்க தண்ணி குடுத்தாங்க. ரெண்டாம் நாளு போறப்ப வாறப்ப தலைய ஆட்டுனாங்க. மூணாம் நாளு ராத்திரி மழை பேஞ்சு, மூலைக்கு மூலை ஊறிக் கெடந்த மூட்டையெல்லாம் காலைல நாத்தம் கெளப்புச்சு. என் வழில ஒரு பெரியவரு, தெனமும் பேப்பர் படிக்கறவரு, டி.வி.எஸ். பிஃப்டில ரெண்டு மூட்டையோட வந்து மரத்தடில நின்னாரு. எங்க பக்கத்து நாயத்தைப் பத்தி எங்களை விட அழகாப் பேசுனாரு. கண்ணு கலங்கிருச்சுங்க எனக்கு. கடைசில மூட்டையக் காட்டிச் சொன்னாரு: "உங்க கோரிக்கை நூத்துக்கு நூறு நாயமானதுங்க. எங்க ஊட்டுக் குப்பைய மட்டும் எடுத்துட்டு, அப்பறம் எத்தனை நாள் வேணும்னாலும் போராடுங்க."

அஞ்சாம் நாள் வந்தவரு

அஞ்சாம் நாளு காண்ட்ராக்ட்காரரு ஒரு டிராக்டர்ல வடக்கத்தி ஆளுகளைக் கொண்டாந்து எறக்குனாரு. எங்காளுக கல்லெடுக்கப் போயிட்டாங்க. செயலாளர்தான் கையப் புடிச்சு நிறுத்துனாரு. நானும் வாய்க்கு வந்ததெல்லாம் திட்டுனேன். அவங்களுக்குத் தமிழ் தெரியாதது என்னோட நல்ல காலம்.

மத்தியானம் அதுல ஒருத்தரு, மீசை நரைச்சவரு, நேரா எங்க மரத்தடிக்கு வந்து விரலை நீட்டுனாரு. ரத்தம் சொட்டுது. ஊசி பாதி உள்ள நிக்குது. செசிலியக்கா எந்திரிச்சு வந்தாங்க. ஒத்தக் கையால அவரு விரலைப் புடிச்சு, பல்லால ஊசியக் கடிச்சு இழுத்துத் துப்புனாங்க. அப்பறம் தன்னோட கட்டுப்போட்ட கையத் தூக்கி, சுண்டு விரல் இருந்த எடத்தைக் காட்டுனாங்க. அந்த மனுசன் அதையே பாத்துட்டு நின்னாரு. கையக் கும்புட்டு, "தீதி, கல் நஹீ ஆவூங்கா"ன்னாரு. எங்க ஆருக்கும் புரியலை. டீக்கடைல வேலை செய்யறவருதான் சொன்னாரு: "நாளைக்கு வரமாட்டாராமுங்க."

எழவு ஊட்டு வாசல்

சொன்னபடியே அடுத்த நாளு வடக்கத்தி ஆளுக ஒருத்தரும் வரலை. நாங்களும் அசையலை. ஆபீஸ்ல இருந்து, பத்தாம் நாளு பேச்சு வார்த்தைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. குத்து நாளுச் சம்பளம் திரும்ப வந்துரும்னே நெனச்சோம். எட்டாம் நாளு காலைல என் வழிக் கடைசி ஊட்டுக்காரரு மரத்தடிக்கு வந்து நின்னாரு. அவரு சம்சாரம் சரசக்கா நெஞ்சு வலில போயிட்டாங்களாம். சரசக்கா பனியன் கம்பெனில செக்கிங் வேலைக்குப் போறவங்க. என் மூணு வீதில அவங்க ஒருத்தருதான் ஒடஞ்ச டம்ளரு, பல்பு எதுனாலும் தனியாப் பேப்பர்ல சுத்தி, நூலக் கட்டி, மேல பேனாவுல 'கண்ணாடி, பாத்து'ன்னு எழுதி வைப்பாங்க. உனக்குப் படிக்கத் தெரியுமா அம்மணின்னு முதல்லயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்க. அவங்க வாசல்ல இப்ப எட்டு நாள் குப்பை கெடக்குது, பொணத்து மேல ஈ மொய்க்குது. அவரு எதுவும் கேக்கலைங்க.

எங்களுக்குள்ள ஒரு வழக்கம். எழவு விழுந்த வீதிய அந்த வழிக்காரி கூட்டாம விடமாட்டா. பொணம் எடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா, எடுத்தப்பறம் பூவ அள்ள ஒருக்கா. லீவு நாளா இருந்தாலும் போவோம். நான் செசிலியக்கா மூஞ்சியப் பாத்தேன். "போய்ட்டு வாளா, செத்தவகிட்ட என்ன ஸ்டிரைக்கு?"ன்னாங்க. செயலாளரும் தலையாட்டுனாரு. ஷெட்டுக்குள்ள போனேன். மேஸ்திரி எப்பவும் போல மேசைல நோட்டை விரிச்சு வச்சுட்டு உக்காந்திருந்தாரு. நான் வண்டியத் தொட்டேன், அவரு நோட்டைத் திருப்பிப் பேனாவ நீட்டுனாரு, நான் வாங்கிக் கையெழுத்தப் போட்டுட்டு வண்டியத் தள்ளிட்டு வந்துட்டேன். பதினோரு வருசமா வண்டிக்கு முன்னால பேனா. மனசு பூராவும் எழவு ஊட்டுல இருந்துச்சு, கை அது பாட்டுக்கு அதோட வேலையப் பாத்துருச்சு.

அந்த வீதிய ஒத்தையாளா அள்ளிக் கழுவி விட்டேன். சரசக்காவ எடுத்தப்பறம் பூவையும் அள்ளுனேன். கெளம்பறப்ப அவங்க ஊட்டுக்காரரு பின்னாலயே வந்தாரு. "மயிலாத்தாங்கறது நீங்கதானுங்களே? அவ உங்க பேரு சொல்லுவா."

ஜெராக்ஸ்

ஒம்போதாம் நாளு விடியறப்ப ஒவ்வொரு ஷெட்டுலயும் ஒரு ஜெராக்ஸ் ஒட்டியிருந்துச்சு. நோட்டோட ஒரு பக்கம். இருபத்தி ரெண்டு பேருக்கு நேரா 'வரவில்லை'. எம் பேருக்கு நேரா வால் சுழிச்ச கையெழுத்து. நல்லூர் ஷெட்ல வேலைக்குத் திரும்பியாச்சு, இன்னைக்கு வராதவங்களுக்குப் பதிலா வேற ஆள்னு கீழ எழுதியிருந்துச்சு. செசிலியக்கா உக்காந்த ஷெட்டே ஒடஞ்சுருச்சுன்னு மத்தவங்க நெனச்சா அவங்க மேல என்னங்க தப்பு? மத்தியானத்துக்குள்ள எல்லா ஷெட்டுலயும் வண்டி வெளிய வந்துருச்சு. அடுத்த நாளு பேச்சு வார்த்தைக்கு ஆரையும் கூப்புடவே இல்லை.

நான் மேஸ்திரி சட்டையப் புடிச்சேன். வேணும்னுதான நீட்டுனீங்கன்னு கத்துனேன். எனக்கும் பழக்கந்தான் அம்மணின்னு அழுவாத கொறையாச் சொன்னாரு. பொய்யா நெசமான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆளாளுக்குத் திட்டுனாங்க, நானும் வாங்கிக்கிட்டேன். செயலாளரு மட்டும் திட்டலை. அந்த ஜெராக்ஸையே பாத்துட்டு இருந்தாரு. "கைநாட்டா இருந்தாக்கூட உங்களுது இல்லைன்னு சாதிச்சிருப்பேனுங்க அம்மணி. இப்படி முத்து முத்தாப் போட்டு வச்சிருக்கறீங்களே."

பாத்து அள்ளு

ஒம்போது நாள் குப்பைய அள்ளறதுக்கு ஆறு நாளாச்சு. எனக்கு ரெண்டு தடவை குத்துச்சு. ஆருகிட்டயும் சொல்லலை, சுண்ணாம்பு வச்சுக் கட்டிக்கிட்டேன். அந்த மாசச் சம்பளத்துல எட்டாம் நாளுக்கு எனக்கு ஒருத்திக்கு மட்டும் கூலி போட்டிருந்தாங்க. வேண்டாம்னு மூஞ்சில வீசணும்னு நெனச்சேன். வாங்கிட்டேனுங்க.

செசிலியக்காவத் திருப்பி வேலைக்கு எடுத்துக்கலை. நாலு விரலுக்குக் கையுறை சைஸ் இல்லையாம், அடிபட்டாக் காண்ட்ராக்ட்காரருக்குத்தான் பொறுப்பாகிருமாம். அஞ்சு விரலுக்குமே கையுறைன்னு ஒண்ண நாங்க கண்ணால பாத்ததில்லை. அக்கா ஊருக்கே போறேன்னுட்டாங்க. பழைய பஸ் ஸ்டாண்டுல ஏத்தி விடப் போனேன். எந் தப்புதானக்கா, எங் கைய வெட்டிப் போடலாம்னு சன்னலப் புடிச்சுட்டு அழுதேன். அக்கா உள்ள இருந்து அந்த நாலு விரல் கைய நீட்டி, எங் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எங்கெங்க குத்தியிருக்குதுன்னு பாத்தாங்களாட்ட இருக்குது. பஸ்ஸு நகர்றப்பத்தான் விட்டாங்க. "ஏளா, எழுதத் தெரிஞ்ச கை, பாத்து அள்ளு."

பதினோரு வருசமாத் தெனமும் வால் சுழிச்சுப் போட்ட கையெழுத்துல, ஆபீஸ்ல ஒருத்தரு நின்னு படிச்சுப் பாத்தது அந்த ஒண்ணே ஒண்ணத்தானுங்க.