நல்ல பெண் என்று ஒரு காகிதம்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. நர்ஸ் முதல் நோயாளி வரை எல்லோருக்கும் அவள் ஆயாம்மா. விரிப்பு மாற்றுவாள், பிரசவ அறையைக் கழுவுவாள், டாக்டரம்மாவுக்குத் தலைவலி என்றால் மாத்திரை தேடுவாள். மாடியில் கடைசி அறையில் இன்னொரு வேலையும் உண்டு. அதை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'மேல ஒரு கேஸ்' என்பார்கள், அவ்வளவுதான்.

கல்யாணம் பேசி முடித்த பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் அழைத்து வருவார்கள். பெண் இதுவரை எவனோடும் படுத்ததில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும் அவர்களுக்கு. ஆயாம்மா தலைமாட்டில் நின்று பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்வாள். "ரெண்டே நிமிஷம்மா. கண்ணை மூடிக்கோ." சிலர் அழுவார்கள். சிலர் கல்லாய்க் கிடப்பார்கள். ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் ஆயாம்மாவின் காதைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் தான் செய்வது புண்ணியம் என்றுதான் நினைத்திருந்தாள். நாமும் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்ல யார் இருக்கிறார்கள்?

புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாக அவள் வளர்த்த மகளுக்கு இருபத்தாறு வயது. கூரியர் ஆபீசில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். நல்ல இடம் ஒன்று அமைந்தது. பையனை மகளுக்கும் பிடித்திருந்தது. தேதி குறித்து, துணிமணி எடுத்தாயிற்று. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பழப்பையோடு வந்து உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பெரிய மருமகளுக்கும் இப்படித்தான் செஞ்சோம். உங்க ஆஸ்பத்திரியிலதான் பேப்பர் வாங்கினோம். அன்னிக்கு நீங்ககூட உள்ள இருந்தீங்களே, ஞாபகம் இல்லையா?"

ஆயாம்மாவுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். "உங்க பையனும் எனக்கு ஒரு பேப்பர் குடுப்பாரா அத்தே?"

"ஆம்பளைக்கு ஏதும்மா பேப்பர்?" என்று சிரித்தார் அவர். அவருக்கு அது உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் பட்டது.

"அப்ப எனக்கும் இல்ல."

அவர் எழுந்தார். போகும்போது, "நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஆயாம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் ஆயாம்மா வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். "ஏண்டி, பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையே?" என்றுதான் வாயில் வந்தது.

மகள் கத்தவில்லை. அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இருந்தா என்ன செய்வே? நீயே வந்து கையைப் புடிச்சுப்பியா?"

மாப்பிள்ளைப் பையன் போனில் கெஞ்சினான். தனக்குத் துளி சந்தேகமும் இல்லை, அம்மாவுக்காக ஒரே ஒரு தடவை போய்வந்தால் என்ன என்றான். கல்யாணம் நின்றது. ஒன்றும் இல்லையென்றால் போய்க் காட்டியிருக்கலாமே என்று தெரு பேசியது. மகள் வெளியூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வாரம் ஒருமுறை போன் வரும். 'சாப்பிட்டியா, சாப்பிட்டேன்' என்பதற்குமேல் பேச்சு நீளாது.

கீழே புதிதாக வந்திருந்த சின்ன டாக்டரிடம் ஆயாம்மா ஒருநாள் கேட்டாள். "மேல பாக்கறாங்களே, அதுல என்ன டாக்டர் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது ஆயாம்மா. எந்த டாக்டராலயும் அதைப் பாத்துச் சொல்ல முடியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியும் இது."

ஆயாம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருமுறை காகிதத்தில் 'கன்னி இல்லை' என்று வந்தது. அந்தப் பெண்ணை அவள் அப்பா இதே படிகளில் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனார். அன்று ஆயாம்மாவும் மனதுக்குள், 'இவளுக்கு எதுக்கு இந்த வேலை' என்றுதான் நினைத்தாள்.

அடுத்து வந்த பெண்ணிடம், டாக்டரம்மா வருவதற்குமுன் குனிந்து சொன்னாள்: "இதுல ஒண்ணும் தெரியாதும்மா. இஷ்டம் இல்லேன்னா வேணாம்னு சொல்லு. நான் நிக்கறேன் உன்கூட."

"வேணாம்னு சொல்லிட்டு எங்க போறது?" என்றாள் அந்தப் பெண். அவள் படுத்துக்கொண்டாள். அடுத்து வந்த இருவரும் அப்படியே. நான்காவது பெண் மட்டும் ஒரு நிமிடம் யோசித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரைத் தாண்டி, விடுவிடுவென்று இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலமே டாக்டரம்மா கூப்பிட்டார். "உன்னை யாரு பேசச் சொன்னது? நாளையிலேருந்து வரவேண்டாம்."

ஆயாம்மா மகளுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள். பாராட்டுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. மகள் கேட்டது வேறு.

"அந்தப் பொண்ணு எங்க போனா?"

"தெரியலடி."

"கிளப்பி விட்டது நீ. விசாரிக்க வேணாமா?"

மறுநாள் காலை ஆயாம்மா மருத்துவமனைக்கு எதிரில் இருந்த மருந்துக்கடையில் போய் நின்றாள். கடைக்காரருக்கு அந்தப் பெண் நினைவிருந்தாள். தனியாகத்தான் பஸ் ஏறினாளாம். எந்த பஸ் என்று அவர் கவனிக்கவில்லை. ஆயாம்மா நிறுத்தத்துக்குப் போய், அங்கே நின்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தாள்.