மோட்டார் ஏறாமல் கோயமுத்தூர்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயமுத்தூர் ஸ்டேஷனில் இறங்கினோம். முந்தின நாள் மதுரையில் ஏறி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று ஒவ்வொரு ஊரிலும் தூக்கம் கலைந்து, போத்தனூரில் வண்டி மாறி வந்து சேர்ந்தோம். மார்கழிக் குளிரில் பல் கிட்டிப் போயிற்று. மதுரைக்காரிக்கு இது குளிரா, தண்டனையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

என்னோடு வந்தவள் பழனியம்மாள். எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் தையல் டீச்சர், நான் பூகோள டீச்சர். இருவரும் விதவைகள், இருவருக்கும் வெள்ளைப் புடவை. நான் எட்டு வயதில் தாலி அறுத்தவள். புருஷன் முகம்கூட நினைவில்லை. அவள் அப்படியல்ல. ஆறு வருஷம் ஆசையாக வாழ்ந்தவள்.

அவள் பிறந்த ஊர் இது. அண்ணன் நாச்சிமுத்து பீளமேட்டுப் பக்கம் பஞ்சு அரைக்கும் ஆலை வைத்திருக்கிறார். ஏழு வருஷத்துக்கு முன் அவர் புதிதாக மோட்டார் வாங்கி, தங்கை புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரமடைத் தேருக்குப் போனார். திரும்பும்போது மோட்டார் குடைசாய்ந்தது. அண்ணனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் புருஷன் பிணமாக வீடு வந்தார். அது முதல் அவள் மோட்டாரில் ஏறுவதில்லை. அண்ணன் வீட்டில் தண்ணீர் குடிப்பதுமில்லை.

"ஒருக்கா வந்துட்டுப் போ கண்ணு, எனக்கு உடம்பு செரியில்லை" என்று இந்த வருஷம் அண்ணன் கடிதம் போட்டிருந்தார். ஊருக்கு வருகிற நாளை மட்டும் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு, அவள் என்னைத் துணைக்கு அழைத்தாள். "லீவுக்கு ஊரைச் சுத்திப் பாக்கலாங்க்கா. அண்ணன் ஊட்டுக்குப் போறதும் போவாததும் என் இஷ்டம். மோட்டார் மட்டும் வேண்டாம்" என்றாள். கால் இருக்கிறது, ஜட்கா இருக்கிறது, மாட்டு வண்டி இருக்கிறது. இதற்கு மேல் ஒரு ஊரைப் பார்க்க என்ன வேண்டும் என்று நானும் கிளம்பிவிட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரனோடு பேரம் பேச அவள் போனாள். நான் மூட்டைகளோடு நின்றேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவர், கையில் பித்தளைச் சொம்போடு வந்தார்.

"ஏனுங்க, மதுரையிலிருந்து வர்ற டீச்சரம்மணிங்களா?"

"ஆமாம்" என்றேன்.

"நான் ரங்கனுங்க, நாச்சிமுத்து மொதலாளியோட டிரைவர். ஊட்டுலருந்து தண்ணி குடுத்துவுட்டாங்க. குடிங்க அம்மணி."

இரவெல்லாம் தொண்டை வறண்டு கிடந்தவள் நான். சொம்பை வாங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தேன். சிறுவாணித் தண்ணீரின் பெருமையைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நாக்கு அறிந்தது. அத்தனை இனிப்பு. ரங்கனின் முகமோ பொங்கல் பானை பொங்கினதைப் பார்த்தவர் முகமாக மலர்ந்தது. மோட்டாரில் ஏறச் சொன்னார். வேண்டாம் என்றேன். "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

பழனியம்மாள் வந்ததும் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எங்க பக்கம் பகையாயிட்டா மொதல்ல நிறுத்தறது தண்ணிதானுங்க்கா. மறுபடி சேர்றதும் தண்ணியிலதான். ஒரு வாய் குடிச்சிட்டா எல்லாம் செரியாப் போச்சுன்னு அர்த்தம்" என்றாள். பிறகு, "நீங்க குடிச்சதுக்கு ஒண்ணுமில்லை, விடுங்க்கா" என்று அவளே சமாதானம் சொன்னாள். ஜட்காவுக்கு நாலணா. ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சத்திரத்தில் மூட்டையை இறக்கினோம்.

அன்று முழுவதும் நடந்தோம். கோனியம்மன் கோயில், ராஜ வீதி, பெரிய கடை வீதி. துணிக்கடைகளில் விலை கேட்டால் "பாருங்க, எடுக்காட்டியும் பரவால்லீங்க, பாத்துட்டுப் போங்க" என்கிறார்கள். எங்கள் மதுரையில் பார்த்துவிட்டு எடுக்காமல் எழுந்தால் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆலைச் சங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதின. ஒவ்வொரு சங்குக்கும் ஒரு ஆலைப் பெயரைப் பழனியம்மாள் சொன்னாள். அண்ணன் ஆலைச் சங்கு ஊதியபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை. உக்கடம் பெரிய குளத்துக் கரையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை காட்டிலாகாக் கல்லூரிக் காட்சிசாலைக்குப் போனோம். சத்திரத்திலிருந்து இரண்டு மைல் இருக்கும். பாடம் செய்த காட்டெருமை ஒன்று நிற்கிறது. இவ்வளவு பெரிய பிராணி எதிரே வந்தால் பூகோளப் பாடமெல்லாம் மறந்துபோகும். குறுக்கே அறுத்த பெரிய பெரிய மரத்துண்டுகள் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு வளையமாக மரத்தின் வயதை எண்ணிக்கொள்ளலாம். பழனியம்மாள் ஓரத்திலிருந்து உள்ளே ஏழு வளையம் எண்ணி, அங்கே விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "இத்தனூண்டுதானுங்க்கா ஆயிருக்குது" என்றாள். அது அரை விரற்கடைகூட இல்லை.

சாயங்காலம் சத்திரத்துக்குத் திரும்பினால், ஜட்காக்காரனிடம் இடம் விசாரித்துக்கொண்டு வந்த ரங்கன் காத்திருக்கிறார். தேங்காய், பூவன் தார், ஒரு கூடைக் காய்கறி. நேரே என் முன்னால் வந்து கும்பிட்டார்.

"அம்மணி தண்ணி குடிச்சுட்டாங்கன்னு போயிச் சொன்னேனுங்க. மொதலாளி அப்படியே ஒக்காந்து அழுதுபோட்டாருங்க. 'வண்டியில ஏறாட்டிப் போவுது, தண்ணி குடிச்சாளா, நீ கண்ணால பாத்தியா'ன்னு நாலு தடவை கேட்டாருங்க. ஒரு வாரமாச் சோறு எறங்காமக் கெடந்தவரு, நேத்து ரெண்டு வாய் சாப்பிட்டாருங்க. திங்கக்கெழமை ஊட்டுக்கு வரோணும்னு சொல்லச் சொன்னாருங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுஷன் பழனியம்மாளைக் கண்டதேயில்லை. வெள்ளைப் புடவை கட்டின மதுரை டீச்சர் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூட்டையோடு நின்றவள் நான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். "ஐயா, நான் இல்லை" என்று வாயெடுத்தேன். பழனியம்மாள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "திங்கக்கெழமை வர்றோம்னு சொல்லுங்க" என்றாள். யாரோ துணைக்கு வந்த அம்மாள் சொல்வதாக நினைத்து ரங்கன் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"இப்போ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அன்று சாப்பிடவும் இல்லை. என் அசட்டுத் தாகத்தை நானே சபித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேரூருக்குப் போனோம். நாலு மைல். ஒற்றைமாட்டு வண்டிக்குப் போக வர எட்டணா. வண்டிக்காரக் கிழவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பேரூரில் செத்தால் மறுபிறப்பு இல்லையாம். அங்கே உள்ள புளியமரத்தின் விதை முளைக்கவே முளைக்காதாம். "அப்ப நீங்களும் பேரூர்லயே குடியிருக்கலாமே?" என்றேன். "மாட்டுக்கு ஆருங்க தீனி போடறது?" என்றார்.

கனகசபைத் தூண்களில் உள்ள சிற்பங்களைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை போதாது. கல் சங்கிலியை ஆட்டிப் பார்க்கும் கூட்டத்தை விட்டு, நொய்யல் படித்துறைக்கு இறங்கினோம். தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது. பத்துப் பதினைந்து பேர் இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பழனியம்மாள் முழுகி எழுந்து ஈரப் புடவையோடு படியில் உட்கார்ந்தாள். அங்கேதான் நான் ஏழு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "விபத்துத்தானே பழனி? அவர் வேண்டுமென்று செய்யவில்லையே?"

"வண்டி கவுந்ததுக்கு இல்லீங்க்கா" என்றாள். "அவரை மாட்டு வண்டியில போட்டுக் கொண்டாந்து ஊட்டு முன்னால எறக்கறாங்க. நான் மேல விழுந்து அழுதிட்டிருக்கறேன். அண்ணன் ஒரு சொம்பத் தூக்கிட்டு வந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டறாரு. 'குடி கண்ணு'ங்கறாரு. பொணம் இன்னும் உள்ள போகலை, அதுக்குள்ள ராசியாகோணுமா இவருக்கு? அந்தச் சொம்பைத்தான் என்னால மறக்க முடியலை."

எனக்கும் அந்த மனிதர்மேல் ஆத்திரம் வந்தது. ஆனாலும் உடம்பு சரியில்லாதவர், இரண்டு வாய் சோறு சாப்பிட்டவர். "அவர் நினைத்தபடியே நினைத்துக்கொள்ளட்டுமே. யாருக்கு நஷ்டம்?" என்றேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். எங்கள் லீவு ஆறு நாள்தான், போதும் என்பது என் கணக்கு.

"பொய்யில ஒருத்தரு சாப்பிடறதை நான் பாத்துட்டு ஒக்காந்திருக்கறதா?" என்றாள். "சொல்லிப்போடுவேன். சொல்லிட்டு வந்துருவேன்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவினாசி ரோட்டில் நடக்கத் தொடங்கினோம். அண்ணன் குடியிருக்கும் தோட்டம் ஐந்து மைல். இருபுறமும் பருத்திக் காடு, நடுநடுவே ஆலைப் புகைபோக்கிகள். ஒரு மைல் போயிருப்போம். பின்னால் மோட்டார் சத்தம். ரங்கன் மோட்டாரை நிறுத்தி இறங்கினார்.

"பொறகால வரச் சொன்னாருங்க. ஏறச் சொல்லி வற்புறுத்தப்படாதுன்னும் சொன்னாருங்க. காலு வலிச்சாச் சொல்லுங்க."

அதன்பின் நாலு மைலும் அந்தக் காலி மோட்டார் நாங்கள் நடக்கிற வேகத்துக்கு எங்கள் பின்னாலேயே வந்தது. ஆலைக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு வெள்ளைப் புடவைகள் முன்னால், துடைத்து வைத்த மோட்டார் பின்னால். மூன்றாவது மைலில் என் குதிகால் வெடித்து எரிந்தது. ஏறிக்கொண்டால் தேவலை என்று உண்மையாகவே நினைத்தேன். பழனியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தோட்டத்து வாசலில் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். ஆலை முதலாளி என்றதும் நான் மனசில் வைத்திருந்த ஆள் வேறு. இவர் எலும்பும் தோலுமாய், போர்வையைப் போர்த்திக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றார். மற்றக் கையில் சொம்பு. வேலைக்காரர்களிடம் கொடுக்காமல் அவரே பிடித்திருந்தார்.

"வா கண்ணு" என்றார்.

பழனியம்மாள் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். "அண்ணா, வெள்ளிக்கெழமை ஸ்டேஷன்ல குடிச்சது நான் இல்லீங்க. இந்த அக்கா. உங்க டிரைவருக்கு ஆள் தெரியலை."

பின்னால் ரங்கன் "அய்யோ சாமி" என்றது கேட்டது. நான் தரையைப் பார்த்தேன். ஒரு மனிதர் நம் எதிரில் கிழவராவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் குரல் மட்டும் காதில் விழுந்தது.

"செரி கண்ணு. நடந்து வந்தியே, அது போதும்." சொம்பைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"நில்லுங்ண்ணா. ஒண்ணு கேக்கோணும். அன்னைக்குப் பொணத்துக்கு முன்னால எதுக்குத் தண்ணியத் தூக்கிட்டு வந்தீங்க?"

அவர் பேசினபோது தங்கையைப் பார்க்கவில்லை, கையிலிருந்த சொம்பைப் பார்த்தே பேசினார்.

"மாப்பிள்ளை விழுந்ததும் உசுரு இருந்துது கண்ணு. 'மச்சான், தண்ணி'ன்னாரு. நான் ஓடினேன். பக்கத்துத் தோட்டத்துச் சாளையில குடியிருந்தவங்ககிட்டச் சொம்பு வாங்கி, கெணத்துல எறங்கி மொண்டுட்டு ஓடியாந்தேன். வந்து சேர்றதுக்குள்ள போயிட்டாரு. அவருக்குன்னு மொண்ட தண்ணி. கீழ ஊத்த எனக்குக் கை வரலை. மாட்டு வண்டியில பதினேழு மைலு அதைப் புடிச்சுட்டே வந்தேன். பாதி அலம்பிச் சிந்திப்போச்சு. அவருக்குக் குடுக்க முடியலை, உனக்காச்சும் குடுத்தா அவருக்குப் போய்ச் சேருமோன்னு நீட்டிப்போட்டேன். புத்தி பேதலிச்சுக் கெடந்துது."

"இத்தனை வருசம் ஏனுங்ண்ணா சொல்லலை?"

"தாகத்தோட போனாருன்னு உன்கிட்ட நான் எந்த வாயில சொல்லுவேன்?"

பழனியம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். அவருக்குப் புரியவில்லை, திகைத்து நின்றார். "குடுங்ண்ணா" என்றாள். சொம்பை வாங்கி நின்றபடியே குடித்தாள். பாதியில் விக்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள். நாச்சிமுத்து அந்த வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார். நான் அழுதேன். எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை, ரங்கனும்தான் அழுதார்.

அன்றும் மறுநாளும் அங்கேயே தங்கினோம். சாப்பாட்டைப் பற்றி எழுதினால் அண்ணன் தங்கையை விட்டுவிட்டுச் சோற்றைப் புகழ்கிறாள் என்பீர்கள். புதன்கிழமை காலை ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம், மாட்டு வண்டியில். வண்டியில் ஏறும்வரை நாச்சிமுத்து பிடித்த தங்கையின் கையை விடவில்லை.

இனிச் சொந்த ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். மதுரையில் வந்தவருக்கு வயிறாரச் சோறு போடுவோம். வம்பு வந்தால் கத்தித் தீர்த்து மறுநாளே கூடிக்கொள்வோம். கோயமுத்தூரார் கத்துவதில்லை. 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசிக்கொண்டே ஏழு வருஷம் தண்ணீரை நிறுத்திவைப்பார்கள். எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

பொள்ளாச்சி தாண்டும்வரை பழனியம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கிடைத்துவிட்டாரே, இன்னும் என்ன யோசனை என்று கேட்டேன்.

"அந்தக் கெணறு எவ்வளவு தூரம்னு கேக்காம வந்துட்டேனுங்க்கா" என்றாள்.