மூன்று மாதத்தில் முடியும் ஆட்டம்

ஜமீருக்கு ஒரு வார்த்தையைக் கேட்டால் வாயில் எச்சில் ஊறும். வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். "அவ்வளவுதானே" என்பது அந்த வார்த்தை.

பென்னாகரம் கடைவீதியில் அவர் ரேடியோ ரிப்பேர் செய்துவந்தார். எட்டடிக்கு ஆறடி கடை. கடை அவருடையது அல்ல, மனைவி ஷகிலாவின் அண்ணன் நூர் பாஷாவுடையது. வாடகை கேட்காமல் விட்டிருந்தார். கேட்காததை வாரம் ஒருமுறை நினைவுபடுத்துவார்.

1983 மாசியில் பெரியண்ணன் கடைக்கு வந்தார். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் சேரும் கூட்டத்துக்கு ராட்டினம், பலூன் சுடுவது, வளையம் எறிவது என்று கடைகள் போடுகிற ஒப்பந்தக்காரர். சரியான ஆள், கெட்டவர் அல்ல. புதிதாக ஏதாவது ஆட்டம் வேண்டும் என்றார். ஜமீரிடம் ஒன்று இருந்தது. இரண்டு வருடமாகச் சிகரெட் அட்டைகளின் பின்புறத்தில் வரைந்து வைத்திருந்தார்.

"ஆடுபுலி ஆட்டம் தெரியுமில்லீங்களா? மூணு புலி, பதினஞ்சு ஆடு. மூணு புலியையும் ஒரே ஆளு நகத்தறாரு. நான் மூணு புலிக்கு மூணு ஆள வெக்கறேன். ஆட்டுக்கு ஒரு ஆளு. நாலு பேரும் நாலு மூலையில, தனித்தனிப் பொட்டிக்குள்ள. ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. நடுவுல ஒயரு."

"ஒயர்ல எப்படி பாய் ஆடறது?"

"ஒருத்தர் சுச்ச அமுக்குனா நாலு எடத்துலயும் பல்பு எரியும். செவப்பு புலி, வெள்ள ஆடு."

"பல்பு எரியணும். அவ்வளவுதானே? எத்தினி நாளாவும்?"

"மூணு மாசம்."

அந்தக் கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். ரேடியோவிலிருந்து வந்தது. ஒரு ரேடியோவைச் சரிசெய்ய அவருக்கு மூன்று நாள் ஆகும். இந்த ஆட்டம் முப்பது ரேடியோ அளவுக்கு வேலை என்று தோன்றியது. பெருக்கிச் சொன்னார். ரிப்பேருக்கு வருகிற ரேடியோ ஒரு காலத்தில் பாடியது என்பதை அவர் மறந்துவிட்டார். அதை யாரோ எங்கேயோ செய்து முடித்து, பாடவைத்து அனுப்பியிருந்தார்கள். இது ஒருமுறைகூடப் பாடாதது.

ஆட்டப் பலகையில் இருபத்துமூன்று புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு பல்பு, ஒரு சுவிட்சு. நாலு பலகைக்கு நூற்று எண்பத்துநான்கு பல்பு. இதுவரை அவர் அட்டையில் சரியாகத்தான் எழுதியிருந்தார். எரிந்த பல்பு அடுத்த ஆள் நகர்த்தும்வரை அணையாமல் நிற்கவேண்டும். அதற்கு ரிலே வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் டக்கென்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும் சின்ன இரும்புக் கை அது. பெங்களூரில் பழைய டெலிபோன் சாமான்களை எடைக்கு விற்கிற ஒருவரிடம் இரண்டு சாக்கு வாங்கி, தருமபுரி பஸ்ஸின் கூரையில் போட்டுக்கொண்டு வந்தார்.

சாக்கைப் பிரித்தபோது கடை முழுக்க வௌவால் புழுக்கையின் நாற்றம் அடித்தது. ஒவ்வொரு ரிலேயின் இடுக்கிலும் கரப்பான் முட்டை. பெட்ரோலில் தோய்த்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தார். கழுவுவதற்கு மட்டும் ஐந்து வாரம் போனது. கழுவியதில் பாதி வேலை செய்யவில்லை. கையில் ஏறிய நாற்றம் இறங்கவில்லை. கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தார். ஷகிலா அவர் தட்டைத் தனியாக வைத்தாள்.

மூன்று மாதம் முடிந்தபோது ரிலே சுத்தமாக இருந்தது. அவ்வளவுதான் நடந்திருந்தது. அந்த வருட ஆடி போனது.

அடுத்த வருடம் புலி ஆட்டை வெட்டுவதில் போனது. புலி தாண்டினால் நடுவிலிருக்கும் ஆட்டின் பல்பு அணையவேண்டும். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குத் தாண்டினால் எந்த ஆடு என்று இயந்திரத்துக்குத் தெரியவேண்டும். தாண்டும் கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே. ஒன்றைச் சேர்த்தால் முன்பு ஓடிய இரண்டு நின்றன. ஒருநாள் புலி தாண்டியது, ஆட்டுக்குப் பதில் இன்னொரு புலி செத்தது. அதைக் கண்டுபிடிக்க நாற்பது நாள். ஒரு ஈயச் சொட்டு இரண்டு கம்பிக்கு நடுவில் விழுந்து கிடந்தது.

பெரியண்ணன் இடையிடையே வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது பாய். மூணு புலிக்கும் மூணு கலரு வெச்சா இன்னும் எடுப்பா இருக்கும். பல்ப மாத்தணும், அவ்வளவுதானே?"

கலர் மாற்றினால் எந்தப் புலி எங்கே நிற்கிறது என்பதை இயந்திரம் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு மாதம். அதை ஜமீர் சொன்னார். பெரியண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வெற்றிலை எச்சிலை வாசலில் துப்பிவிட்டு, "பல்பு என்ன வெலைங்க பாய், நானே வாங்கியாறேன்" என்றார். வாங்கியும் வந்தார். மஞ்சள், பச்சை, சிவப்பு. அதற்கடுத்த முறை, ஆடு செத்தால் மணி அடிக்கவேண்டும் என்றார்.

1984 ஆடி போனது. 1985 ஆடியும் போனது.

செலவு என்ன என்று கேட்டவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடிந்ததில்லை. பல்புக்கும் கம்பிக்கும் ஆனதைச் சொல்லலாம். சரிசெய்யப்படாமல் திரும்பிப் போன ரேடியோக்களை எப்படிச் சொல்வது. கொடுத்தவர்கள் வந்து தூசி தட்டி வாங்கிக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் போனார்கள். அங்கே வேறு ஒருவர் மூன்று நாளில் முடித்துக் கொடுத்தார்.

ஷகிலா பகலில் சமையல் முடிந்ததும் கடைக்கு வந்து பலகைகளைச் சோதித்துக் கொடுப்பாள். எப்போதும் ஆடு பக்கம். ஒருநாள் ஒரு சுவிட்சை அமுக்கிவிட்டு நாக்கைக் கடித்தாள்.

"தப்பா வெச்சுட்டேன். எடுத்துக்கறேன்."

"எடுக்க முடியாது."

"ஏன், கைய எடுக்கலியே இன்னும்."

"கையெல்லாம் இல்ல. அமுக்குனா அமுக்குனதுதான். வெச்ச காய எடுக்கலாம்னு ரூல்ல இல்ல."

"ரூல்ல இல்லாட்டி என்ன? எல்லாரும் எடுக்கறாங்க."

அவருக்கு அந்த ஆட்டத்தில் பிடித்ததே வேறு. மூன்று புலிகளும் ஒன்றுக்கொன்று பேச முடியாது. புலிகளின் முறை வரும்போது எந்தப் புலி முந்தி அமுக்குகிறதோ அது நகரும். ஆடு தனி ஆள். நிதானமாக யோசிக்கலாம். நாலு பேர் நாலு பெட்டிக்குள் வாய் திறக்காமல் உட்கார்ந்து, வெளிச்சத்தை மட்டும் பார்த்து, மற்றவன் என்ன நினைக்கிறான் என்று யோசிப்பதை ஒருமுறை பார்க்கவேண்டும். அதற்காகத்தான் கழுவினார்.

1986 சித்திரையில் நூர் பாஷா வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் பேச்சு உருதுவில் நடக்கும். சண்டை மட்டும் தமிழில், கடைவீதி கேட்கட்டும் என்று.

"மாப்ள, ஊர்ல எல்லாம் கேசட் கடை போடறான். பாட்டு எழுதிக் குடுத்தா பதிஞ்சு குடுக்கறான். கூட்டம் நிக்குது. இங்க பாரு, ஒரு ஈ இல்ல. ஈகூட உன் நாத்தத்துக்கு வர்றதில்ல."

"முடியற நேரம் மச்சான்."

"மூணு வருசமா முடியற நேரம். இந்த ஆடிப் பதினெட்டு. அன்னிக்கு ஒகேனக்கல்லுல ஓடுச்சா, கடை உனக்கு. நான் வாயத் தெறக்க மாட்டேன். ஓடலியா, மறுநாளு இந்தக் குப்பையத் தூக்கி வெளிய போட்டுட்டு கேசட் டெக்கு கொண்டாந்து வெப்பேன். நீ உக்காந்து பாட்டு பதிவே."

"சரிங்க மச்சான்."

அந்த மூன்று மாதத்தில் ஜமீர் எட்டு கிலோ இளைத்தார். ஆனால் ஓடியது. ஆடி பதினைந்தாம் தேதி ஷகிலாவும் அவரும் நாலு பலகையையும் கடைக்குள்ளேயே வைத்து ஏழு ஆட்டம் ஆடினார்கள். ஒரு பல்பும் தவறவில்லை. மணி, செத்த ஆட்டுக்கு மட்டும் அடித்தது. மூன்று புலிகளும் மூன்று நிறத்தில் நின்றன. அன்று ராத்திரி ஷகிலா அவர் தட்டைத் தன் தட்டோடு சேர்த்து வைத்தாள்.

ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல்லில் காலை ஏழு மணிக்கே கால் வைக்க இடமில்லை. எண்ணெய் தேய்த்த உடம்புகள், மீன் வறுக்கிற புகை, ஈரச் சேலை, குடல் உருவிய மீன் தலைகள் கிடக்கும் பாதை. பெரியண்ணன் மைதானத்தின் நாலு மூலையிலும் பலகைப் பெட்டிகள் அடித்திருந்தார். நடுவில் ஒரு பெரிய பெட்டி. அதற்குள் ரிலேகள், இரண்டு லாரி பேட்டரி, ஜமீர். நூர் பாஷா பெட்டிக்கு வெளியே குடை பிடித்து நின்றார்.

முதல் ஆட்டத்தில் ஆட்டுப் பெட்டிக்குள் குள்ளம்மாள் உட்கார்ந்தார். கொய்யாப்பழம் விற்கிறவர், ஊரில் ஆடுபுலியில் அவரை ஜெயிக்க ஆளில்லை என்று சொல்லி உட்காரவைத்தார்கள். ஆறு ஆடு வைத்தார். ஏழாவதை வைத்ததும் பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"யோவ், அது தப்பாப் போச்சு. எடுத்துடு."

பெரியண்ணன் ஓடிவந்தார். "பாய், ஆயா ஒரு காய எடுக்கணுமாம்."

"எடுக்க முடியாதுங்க."

"எடம் மாத்தறதுதானே பாய். வெச்சத எடுத்து பக்கத்துல வெக்கணும். அவ்வளவுதானே?"

"ரிலே புடிச்சுக்கிச்சுன்னா புடிச்சதுதான். எடுக்கறதுக்கு வழி வெக்கல. அதுக்கு மொதல்லேர்ந்து பண்ணணும். ஒரு வருசம் ஆவும்."

"ஒரு காய எடுக்க ஒரு வருசமா?"

குள்ளம்மாள் பெட்டியை விட்டு இறங்கிவிட்டார். "கல்லு வெச்சு ஆடுனா மண்ணுலயே எடுத்துக்கறோம். இதுல என்ன எழவு, அமுக்குனா அமுக்குனதாம். போலீஸ் ஸ்டேசனா இது?" கூட்டம் சிரித்தது. அடுத்து மஞ்சள் புலியில் உட்கார்ந்த கொள்ளேகாலத்துக்காரர் ஒருவர் "தப்பாய்த்து, வாபஸ்" என்று கன்னடத்தில் கத்தினார். வாபஸ் கிடைக்காமல் அவரும் இறங்கினார். பத்து மணிக்கு நாலு பெட்டியும் காலி. பலூன் கடையில் வரிசை நின்றது.

நூர் பாஷா குடையை மடக்கினார். "டெக்கு தருமபுரியில சொல்லி வெச்சிருக்கேன் மாப்ள" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

ஜமீர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். ஒரு தீக்குச்சியை எடுத்து, குள்ளம்மாள் வைத்த ஏழாவது ஆட்டின் ரிலே முனைகளுக்கு நடுவில் செருகினார். ரிலேயின் இரும்புக் கை பிடியை விட்டது. நாலு மூலையிலும் அந்தப் பல்பு அணைந்தது. பக்கத்து ரிலேயின் இரும்பை விரலால் தள்ளினார். பல்பு எரிந்தது.

"ஆயாவக் கூப்புடுங்க" என்றார்.

அதன்பிறகு சாயங்காலம்வரை யாரும் இறங்கவில்லை. மூலைக்கு மூலை கத்தினார்கள். எடு, வெக்காதே, அந்தப் புலிய நகத்துடா, பச்சப் புலி தூங்குதா. சுற்றி நின்றவர்கள் பெட்டிக்குள் கைவிட்டு அமுக்கினார்கள். மூன்று புலிகளும் மைதானத்துக்குக் குறுக்கே பேசிக்கொண்டன, திட்டிக்கொண்டன. பதினைந்து ஆட்டுக்கு மேல் பதினாறாவது ஆட்டையும் வைத்தார்கள். செத்த ஆட்டை ஒருவர் கெஞ்சி எழுப்பிக்கொண்டார். ஜமீர் பெட்டிக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்து, சத்தம் வந்த பக்கமெல்லாம் தீக்குச்சியைச் செருகினார், எடுத்தார். மத்தியானத்துக்குமேல் தாண்டும் கோடுகளின் கம்பிகளையே பிடுங்கிவிட்டார். அவை குறுக்கே நின்றன. மணியை வாயால் அடித்தார்.

சாயங்காலம் பெரியண்ணன் பெட்டிக்குள் தலையை விட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாய், இந்த வருசம் பலூனெல்லாம் ஒண்ணுமே இல்ல. அடுத்து தருமபுரி, அரூரு. இன்னும் ரெண்டு செட்டு பண்ணிடலாம். இப்பத்தான் புரிஞ்சுபோச்சே, அந்த இரும்புக் குப்பையெல்லாம் வேணாம். உள்ள ஒரு ஆளு, நாலு பலகை, பல்பு, சுச்சு. மொதல்லயே இப்படிப் பண்ணியிருந்தா பத்து நாள்ல முடிஞ்சிருக்கும். அவ்வளவுதானே?"

ஜமீர் பெட்டியிலிருந்து இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தார். மீன் கழுவுகிற இடம்தான் பக்கத்தில் இருந்தது. அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தார். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் பாத்திரத்தை நகர்த்தி வைத்துக்கொண்டாள். அந்தத் தண்ணீரிலேயே கையையும் வாயையும் கழுவினார்.

பின்னாலேயே நூர் பாஷா வந்து நின்றார்.

"என்னத்த தின்ன? சரி விடு. சொன்ன சொல்லு சொல்லுதான். கடை உனக்கு மாப்ள."

"கேசட் டெக்க கொண்டாந்து வெச்சுடுங்க மச்சான்."

"ஓடலீன்னாத்தான் வெப்பேன்னு சொன்னேன். ஓடுச்சே. நானே பாத்தேனே."

"அது ஓடல. நான் ஓடுனேன்" என்றார் ஜமீர்.

நூர் பாஷாவுக்கு அது விளங்கவில்லை. ஆனால் டெக்கை மறுவாரம் கொண்டுவந்து வைத்தார். பெரியண்ணன் பலகைகளையும் பல்புகளையும் எடுத்துப்போனார். அடுத்த ஆடியில் பெட்டிக்குள் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள். ரிலேகள் சாக்கோடு கடையின் பின்சுவரோரம் வெளியே கிடந்தன. மழையில் துருவேறின. மறுபடியும் கரப்பான் குடியேறியது.

கேசட் வேலை ஜமீருக்கு ஒத்துப்போனது. அறுபது நிமிடக் கேசட்டைப் பதிவுசெய்ய அறுபது நிமிடம் ஆகும். தொண்ணூறுக்குத் தொண்ணூறு. யாரும் வந்து நடுவில் ஒரு புலியைச் சேர்க்க முடியாது. நாடா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார். ஷகிலா வந்து எதிரே உட்கார்ந்தால் இருவரும் பேசாமல் அதைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் சித்தேரி மலையிலிருந்து மாது என்பவர் பாட்டுப் பட்டியல் எழுதிய தாளோடு வந்தார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்றார்.

"எத்தினி நேரமாவுங்க பாய்?"

"அறுபது நிமிஷம்."

மாது தாளைத் திருப்பி, பாட்டுகளை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"பன்னண்டு பாட்டு. அவ்வளவுதானேங்க. கொஞ்சம் வேகமா ஓட்டக்கூடாதா?"

ஜமீர் எழுந்து வாசலுக்குப் போனார். துப்பினார். திரும்பி வந்து பட்டனை அமுக்கினார்.