ஒரு வரியத்தான அழிச்சேன்!

மறதியை நம்பிப் பிழைக்கும் தொழில் எங்களுடையது. கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, குறிப்பு எழுதும் ஆப் ஒன்றைச் செய்து விற்கிறோம். செய்வது எட்வின் சார். வாடிக்கையாளர் கூப்பிட்டால் போனை எடுப்பது நான். நீங்களும் எங்காவது இப்படிப் போனை எடுக்கிறவராக இருந்தால், மணி அடித்தால் எதற்காக இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ‘காணோம்’ என்றுதான் ஆரம்பிக்கும்.

முக்கோணம்

எங்கள் ஆப் ‘அவுட்லைனர்’ வகை. ஒரு தலைப்பு எழுதினால் அதற்குக் கீழே உள்தள்ளிச் சில வரிகள், அந்த வரிகளுக்குக் கீழே இன்னும் சில வரிகள். தலைப்பின் பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம் இருக்கும். அதைத் தொட்டால் கீழே உள்ளது எல்லாம் மடிந்து தலைப்புக்குள் போய்விடும். மறுபடி தொட்டால் விரியும். இவ்வளவுதான் வித்தை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆயக்குடியிலிருந்து ஒரு கொய்யா வியாபாரி கூப்பிட்டார். எந்தத் தோப்பில் என்றைக்குப் பறிப்பு, எந்த வண்டி எந்த ஊருக்கு என்று மூன்று மாதமாக எழுதியது மொத்தமும் காணோம் என்றார். வேலை போயிற்று என்றே முடிவுகட்டிவிட்டேன். கால் மணி நேரம் எதை எதையோ தட்டச் சொன்ன பிறகுதான் முக்கோணம் ஞாபகத்துக்கு வந்தது. தொட்டார், எல்லாம் வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பியது, அவருக்குக் கோபம்தான் வந்தது.

“ஏம்ப்பா, எழுதுறதே கண்ணுல படணும்னுதான். அத ஒளிச்சு வைக்க ஒரு பட்டன் எதுக்கு?”

எதற்கு?

நியாயமான கேள்வி என்பதால் அப்படியே எட்வின் சாரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பெங்களூரில் பல வருஷம் ப்ரோகிராம் எழுதிவிட்டு மலைக்கு வந்தவர். அவுட்லைனர் என்று ஆரம்பித்தால் கையில் இருக்கும் டீ ஆறிப்போகும்.

திரையில் வெறும் எழுத்து மட்டும் தெரிந்த காலத்திலேயே இது வந்துவிட்டதாம். டைப் அடிக்கத்தான் கம்ப்யூட்டர் உதவுகிறது, யோசிக்க உதவவில்லையே என்று சிலருக்குக் குறை. அதனால் வரிகளை மேலே கீழே நகர்த்தவும், மடிக்கவும், விரிக்கவும் ஒன்றைச் செய்தார்கள். பிறகு அதில் படம் சேர்ந்தது, குரல் சேர்ந்தது, ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்குத் தாவ வழி வந்தது. எல்லாம் கைப்பேசிக்குள் வந்து, இப்போது நாம் எழுதியதை மெஷினே சுருக்கிக் கொடுக்கிறது. வசதி கூடக்கூடத் தொலைக்கிற இடமும் கூடிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. எட்வின் சார் என் தோளில் தட்டினார்.

“மொத்தமும் கண்ணு முன்னாடி கெடந்தா மனுஷனால யோசிக்க முடியாதுப்பா. பாதிய மூடினாத்தான் மீதி புரியும்.”

நான் நம்பினேன். அன்றிலிருந்து கூப்பிட்டவர்களுக்கெல்லாம் மடிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

ஒரு வரி

அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் பண்ணைக்காட்டுச் செல்வராணி அக்கா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். வீட்டுக்குப் போனால் ‘தேத்தண்ணி குடிக்கிறீங்களா தம்பி’ என்றுதான் கேட்பார். அவருடைய கணவர் காபித் தோட்டத்தில் ஏணி போட்டு மிளகு பறிப்பவர். அவருக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. ஏணியின் உச்சியில் வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம். மதுரை டாக்டர், ஒவ்வொரு தடவை வரும்போதும் விவரமாக எழுதி வையுங்கள், அதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றிருந்தார். அக்கா ஏழு மாதம் எழுதினார். எத்தனை நிமிஷம், என்ன சாப்பிட்டிருந்தார், மாத்திரை போட்டாரா, தூங்கினாரா, எல்லாம். பட்டியல் நீண்டு போகவே, நான்தான் அத்தனையையும் ஒரே தலைப்புக்குள் போட்டு மடித்துக் கொடுத்தேன். ‘வலிப்பு’ என்று தலைப்பு வைத்ததும் நான்தான்.

டாக்டரைப் பார்க்கப் போகும் நாள் காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. “தம்பி, செல்வராணி. வெள்ளனே பஸ் ஏறிட்டோம். என் போன்ல டவர் இல்ல, பக்கத்து சீட்டு அக்கா போன்ல பேசுறேன்.” குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து சீட்டு அக்கா சும்மா எட்டிப் பார்த்திருக்கிறார். திரையில் ஒரே ஒரு வார்த்தை, வலிப்பு. செல்வராணி அக்காவுக்குக் கூசிப்போய்விட்டது. கணவரோ ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறார். ‘அவர் விவரம்’ என்று மாற்றி எழுதலாம் என்று தலைப்பை அழித்தார். அதற்குள் மடிந்து கிடந்த ஏழு மாதமும் சேர்ந்து போய்விட்டது. பதற்றத்தில் ஆப்பை மூடித் திறந்ததால் திரும்பக் கொண்டுவரும் வழியும் அடைபட்டுவிட்டது.

“ஒரு வரியத்தான தம்பி அழிச்சேன்!”

வத்தலக்குண்டு வரைக்கும்

மலைப்பாதையில் இணைப்பு இல்லாததால் அழிந்தது அவர் போனில் மட்டும்தான். எங்கள் சர்வரில் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் டவர் கிடைத்த நிமிஷமே அவர் போன் சர்வரிடம், நான் அழித்துவிட்டேன், நீயும் அழித்துவிடு என்று சொல்லிவிடும். பழைய பிரதியை எடுத்து வைக்கும் வசதியை அடுத்த பதிப்பில் சேர்ப்பதாக இருந்தோம். “அக்கா, உங்க போன ஆஃப் பண்ணுங்க” என்று நான் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. வத்தலக்குண்டில் டவர் வந்துவிடும். பஸ் அங்கே போய்ச் சேர எப்படியும் முக்கால் மணி நேரம்.

சர்வர் பாஸ்வேர்டு எட்வின் சாருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஏரியைச் சுற்றி நடக்கப் போயிருந்தார். அவர் போன் என் மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஓடினேன். பனிமூட்டத்தில் எல்லாக் குரங்குத் தொப்பியும் ஒரே மாதிரி தெரிந்தது. இரண்டு பேரைத் தப்பாகத் தோளைத் தொட்டுத் திருப்பிய பிறகு, படகுத்துறைக்குப் பக்கத்தில் அகப்பட்டார். மூச்சிரைக்க இருவரும் வந்து சேர்ந்தபோது இருபது நிமிஷம் போயிருந்தது. பாஸ்வேர்டு எந்தக் குறிப்பில் இருக்கிறது, எந்தத் தலைப்பு என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அலமாரியைத் திறந்து, பிஸ்கட் டப்பாவிலிருந்து நாலாய் மடித்த ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்தார்.

“முக்கியமானத எல்லாம் நான் பேப்பர்லதான் வைப்பேன்.”

ஏணி

வரிகளை நகலெடுத்து முடித்து நிமிர்ந்தேன். சில நிமிஷம்தான் இருக்கும், என் கண் முன்னாலேயே சர்வரில் அந்தத் தலைப்பு மறைந்தது. பஸ் வத்தலக்குண்டு போய்விட்டது.

நகலெடுத்ததை அப்படியே செய்தியாக அக்காவுக்கு அனுப்பினேன். செய்தியில் மடிக்க வழி கிடையாது, அதனால் ஏழு மாதமும் நீளமாகத் தொங்கியது. போய்ச் சேர்ந்தது தெரிந்தது, பார்த்தாரா என்று தெரியவில்லை. மத்தியானம் வரை போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். நான் வைத்த தலைப்பு, நான் போட்ட மடிப்பு. அந்த மனிதர் மறுபடி ஏணியில் ஏறி ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

சாயங்காலம்தான் அக்கா கூப்பிட்டார். டாக்டர் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரை பார்த்தாராம். அநேகமாக வலிப்பு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கீழே ‘முந்தின ராத்திரி தூங்கல’ என்று இருந்திருக்கிறது. காட்டுமாடு வராமல் இருக்கத் தோட்டத்துக் காவலுக்குப் போன ராத்திரிகள் அவை. காவல் கூடாது, ஏணியைத் தொடவே கூடாது, மாத்திரை இனி இந்த நேரத்துக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தோட்டத்தில் மிளகு காயவைக்கும் களத்துச் சோலிக்குக் கேட்டுப் பார்க்கப் போவதாக அக்கா சொன்னார். இனிமேல் மடிக்கும்போது கவனமாக இருங்கள் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

“டாக்டரு ஒரு வரி விடாமப் படிச்சாரு தம்பி. இனிமே நான் எதையும் மடிக்கப் போறதில்ல. பக்கத்துல ஒக்காந்து பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும்.”

மடிக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் நான், அன்றிலிருந்து என் வீட்டுக் காய்கறிப் பட்டியலைக்கூட மடித்து வைத்ததில்லை.