குழிக்குள் திருநீறு

எட்டாம் வகுப்புப் படித்தவன் எழுதி யார் வாசிக்கப்போகிறார்கள் என்று இதைப் பல வருடம் எழுதாமலே விட்டேன். அந்தப் பகல் கண்ணுக்குள் நிற்கிறபடியே சொல்கிறேன்.

ஒஸ்லோவிலிருந்து துருக்கிக்கு, மகள் அகழ்வு வேலை செய்யும் இடத்துக்கு வந்திருக்கிறேன். மூவாயிரம் வருடத்துக்கும் முந்திய ஹிட்டைட் மக்களின் நகரம் இது. குழியின் மண்சுவரில் மேலே பிற்காலத்துச் சனத்தின் அடுப்பு தெரிகிறது. அதன்கீழ் ஒரு தேவாலயத்தின் தளம். ஆக அடியில் கறுத்த சாம்பல் படை. இடிதேவனின் கோவில் எரிந்த சாம்பலாம்.

சாமி வீட்டைக் கிண்டுகிற பிள்ளைக்குக் குற்றம் வந்துவிடக்கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் பக்கத்து எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த திருநீற்றைத் தூவவெனக் கை நிறைய அள்ளுகிறேன்.

"அப்பா, போடாதேங்கோ!" மகள் பாய்ந்து கையைப் பிடிக்கிறாள். "இந்தச் சாம்பலை வைச்சுத்தான் கோவில் எரிஞ்ச காலத்தைப் பார்க்கிறம். உங்கட சாம்பலும் கலந்தால் எல்லாம் பிழைச்சுப்போம்!"

வேலையாட்களுக்குப் பொறுப்பான உள்ளூர்க்காரர் என்ன சத்தம் என்று கேட்கிறார். மகள் விளங்கப்படுத்த, விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"என்னவாம்?"

"'மேலை அடுப்பு மூட்டினவையையே கோவிக்காத சாமி, தூரிகையாலை தூசி தட்டுறவளையோ கோவிக்கும்? பயமெண்டால் அவளின்ர நெத்தியிலை பூசுங்கோ' எண்டுறார்."

எனக்கும் சிரிப்பு வருகிறது. அவளை மேலே கூட்டிவந்து பூசுகிறேன். ஒரு துகளும் உதிராமல் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு திரும்ப இறங்குகிறாள். சாமி வீடு நல்ல கையில்தான் இருக்கிறது.

வாசித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு ஒரு சிட்டிகையும் கலக்காமல் சொல்லுங்கள்.