மதியம் இரண்டு மணிக்கு ஒரு கொரிய மேட்ச்

அபுதாபியில் மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் ஒரு பூனைகூட நடமாடாது. அந்த நேரத்தில் நான் பக்கத்து ஃபிளாட் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொரியாவில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் பெண்கள் கால்பந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊரில் கேட்டால், "உனக்கும் கொரியாவுக்கும் என்னடி சம்பந்தம்?" என்பார்கள். கணவருக்கு ஆஃப்ஷோர் டூட்டி. கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார். மகள் ஸ்கூல் விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் யாருடனோ சிரிப்பாள். பேச்சுத்துணைக்கு எனக்கு வாய்த்தது கொரியாதான்.

அந்தப் பக்கத்து ஃபிளாட்காரி மிக்யோங், ஒரு கொரியக் கம்பெனி இன்ஜினியரின் மனைவி. லிஃப்டில் முதன்முதலாகப் பார்த்தபோது பெயரைக்கூடக் கேட்காமல் வயதைக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. யார் மூத்தவர் என்று தெரியாமல் அவர்கள் ஊரில் பேச்சையே ஆரம்பிக்க முடியாதாம். நான்தான் மூத்தவள் என்றதும் 'அக்கா' என்ற சொல்லை என்னிடமே கேட்டுக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் டப்பாவில் ஏதோ சோற்றுருண்டை கொடுத்தனுப்பினாள். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாதே என்று நான் சுண்டல் போட்டுக் கொடுத்தேன். அவர்களுக்கும் அதே வழக்கமாம். அப்புறம் யார் நிறுத்துவது?

அவளுடைய தங்கை சோஹி கொரியாவில் ஒரு கம்பெனி கால்பந்து அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் கோலைக் காக்கும் தடுப்பாட்டக்காரி. தாயில்லாத பிள்ளை, மிக்யோங்தான் வளர்த்தாள். முட்டியில் ஆபரேஷன் முடிந்து திரும்பியிருந்தாள். இந்த சீசனில் ஆடிக் காட்டினால்தான் அடுத்த வருஷத்துக்குக் கான்ட்ராக்ட்; இல்லையென்றால் ஆட்டமே முடிந்தது. திண்டுக்கல்லில் கல்லூரி அணிக்கு நானும் லெஃப்ட் பேக்தான். அந்த மூலையில் நின்று பந்துக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வசந்த காலம் முழுக்க அவளை பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். அந்தக் கோச்சை நான் திட்டாத திட்டில்லை. தமிழில் திட்டினால் மிக்யோங் புரியாமலே தலையாட்டுவாள். கேலரியில் கூட்டமே இருக்காது. அதனால் வீராங்கனைகள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அத்தனை வெறுமையில் ஒருத்தி எப்படித்தான் ஆடுவாள் என்று நினைப்பேன்.

சீசனின் கடைசி மேட்ச்சில், அணி தோற்றுக்கொண்டிருந்தபோது சோஹியை இறக்கினார்கள். விழுந்து புரண்டு ஒரு கோலைத் தடுத்தாள். நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் வரிசையாக நின்று கேலரியைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். மற்றவர்கள் போன பிறகு சோஹி மட்டும் கோட்டோரம் மண்டியிட்டுப் புல்லில் உள்ளங்கையை வைத்துத் தலை குனிந்தாள்.

நம் ஊரில் மைதானத்தில் இறங்கும்போது தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். எனக்கு அதுதான் தெரியும். "பாத்தியா, தொட்டுக் கும்பிடுறா! நெக்ஸ்ட் இயர் ஆல்சோ ஷி ப்ளே!" என்று கைதட்டிக் குதித்தேன்.

மிக்யோங் கைதட்டவில்லை. "நோ, அக்கா. ஷி சே குட்பை. நோ கான்ட்ராக்ட். ஃபினிஷ்."

தங்கை காலையிலேயே போனில் சொல்லியிருக்கிறாள். மேட்ச் பார்க்கும் என் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று இவள் மறைத்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு வந்தது சோஹிமேல் பொறாமை. கடைசி செமஸ்டரில் ஒரு மேட்ச் முடிந்து பூட்ஸைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த வாரமே பெண் பார்க்க வந்தார்கள். அப்புறம் கல்யாணம், விசா, விமானம். அதுதான் என் கடைசி ஆட்டம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மிக்யோங் தங்கையோடு இருக்கக் கொரியாவுக்குப் போய்விட்டாள். மதியம் இப்போது மிக நீளமாக இருக்கிறது.

போன வாரம் மகளை அழைத்துவர ஸ்கூலுக்குப் போனேன். செயற்கைப் புல் மைதானத்தில் பெண்கள் பயிற்சி முடித்துக் கலைந்துகொண்டிருந்தார்கள். கோட்டோரம் போய், என்னையறியாமல் குனிந்து தரையைத் தொட்டேன். புல்லுக்கிடையே வெயிலில் காய்ந்த ரப்பர் துகள்கள் கையைச் சுட்டன.

"அம்மா, ஆர் வி கோயிங் ஆர் நாட்?" என்றாள் மகள்.

உள்ளே இறங்கத் தொட்டேனா, விடைபெறத் தொட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன்.