வேவு விமானத்தின் பின் இருக்கை

என்னை விமானத்துக்குள் உட்காரவைத்து, சுற்றிலும் பிளைவுட் பலகையை மூடி ஸ்க்ரூ முடுக்கியவர் என் அத்தான். அக்காவின் கணவர். வாயில் ஸ்க்ரூக்களைக் கவ்விக்கொண்டே, "அசையாத மாப்ள. லாரி ஆடுறப்ப நீ தெறிச்சு விழுந்தா உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது" என்றார். நான் இடுப்புவரை விமானம், இடுப்புக்கு மேலே மனிதன். தலையில் ரெக்ஸின் தொப்பி, கண்ணில் வெல்டிங் கண்ணாடி. எங்கள் தீவு ஊரான ரங்கத்தின் மைதானத்துக்கு வெளியே லாரி அணிவகுப்புக்குக் காத்து நின்றது.

குடியரசு தினத்துக்கு ஒவ்வோர் அலுவலகமும் ஓர் அலங்கார ஊர்தி விட வேண்டும். ஜாங்க்கி என்றால்தான் இங்கே எல்லோருக்கும் புரியும். நான் குமாஸ்தாவாக இருக்கும் அலுவலகத்துக்கு அந்த வருஷம் வந்த தலைப்பு, தீவுகளை இணைக்கும் விமானச் சேவை. எங்களூரில் எதை எது இணைக்கிறது என்று கேட்டால் மழையும் கொசுவும்தான் இணைக்கின்றன என்று சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. விமானம் ஒன்று செய்தாக வேண்டும். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த அத்தானிடம் போய் நின்றேன்.

அவர் மாதிரிக்குப் படம் தேடினார். அன்றைக்கு இங்கிருந்த நெட் வேகத்தில் பெரிய பெரிய ஜெட் விமானங்கள் எல்லாம் மூக்கோடு நின்றுவிட்டன. வால்வரை முழுசாக இறங்கிய ஒரே படம், மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்த ஒரு பழைய இத்தாலிய விமானம். ரோ 37 என்று பெயர். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே செய்தது. திறந்த இருக்கைகள் இரண்டு. முன்னால் இருப்பவன் ஓட்டுவான், பின்னால் இருப்பவன் கீழே எட்டிப் பார்த்து நடப்பதைச் சொல்வான். படத்துக்கு அடியில் இருந்ததை நான் வாசித்துவிட்டு, "அத்தான், இது வேவு பாக்குற பிளேன்" என்றேன். அவர் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும் மாப்ள. வேவு பாக்கவாவது எவனாச்சும் நம்ம ஊர எட்டிப் பாத்தா சரி."

முன் இருக்கையில் வைக்கோல் திணித்த பொம்மை. பின் இருக்கைக்கு அவர் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே எனக்குத் தொடை நடுங்கும் என்பது ஊருக்கே தெரியும். அதை வைத்து நானே பல கல்யாண வீடுகளில் சிரிக்கவைத்திருக்கிறேன். "பயந்து கத்து, கையைக் காலை ஆட்டு. நீ நடிக்கவே வேண்டாம்" என்றார் அத்தான். ஆக, கத்துவது என்பது முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடு. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். என் கோபமெல்லாம் இதில்தான் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

லாரி கிளம்பியது. சாலைக்குக் குறுக்கே தொங்கும் கேபிள் ஒயர்கள் மேல் இறக்கையில் மாட்டாமல் இருக்க, அத்தான் நுனி பிளந்த மூங்கிலால் அவற்றைத் தூக்கிவிட்டபடி பக்கத்திலேயே நடந்து வந்தார். நான் வாக்களித்தபடி அலறினேன். பெங்காலிக் குடும்பங்கள், தெலுங்குக் குடும்பங்கள், நம்மவர்கள் என்று கடைத்தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மைதானத்துக்குள் லாரி திரும்பியபோது மூங்கில் சரிவதைப் பார்த்தேன். பிறகு அத்தான் சரிவதைப் பார்த்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேடுகிறவர் போல மெல்ல மண்டியிட்டார்.

அந்த உயரத்திலிருந்து என் ஒருவனுக்குத்தான் அது தெரிந்தது. கத்தினேன். "அத்தான் விழுந்துட்டாரு, வண்டிய நிறுத்து" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஜனம் கைதட்டியது. டிரைவர், ஆள் இன்றைக்கு நன்றாகச் செய்கிறான் என்று நினைத்து, மேடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து இன்னும் நிதானமாக ஓட்டினான். மேடையில் போர்ட் பிளேரிலிருந்து ஹெலிகாப்டரில் வந்திறங்கிய சிறப்பு விருந்தினர், பெரிய அதிகாரி, எழுந்தே நின்று தட்டினார். நான் பிளைவுட்டை உதைத்தேன். அத்தான் கை வேலை, லேசில் உடையுமா. கடைசியில் அடிப்பக்கம் பிளந்து நான் லாரியிலிருந்து உருண்டு விழுந்தபோது, விமானத்தின் ஒரு வளையம் மட்டும் இடுப்பைவிட்டு வரமாட்டேன் என்றது. அதோடுதான் ஓடினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

அதற்குள் ஒரு காய்கறிக்காரர் அத்தானை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். ஹார்ட் அட்டாக், இங்கே வைத்துப் பார்க்க வசதியில்லை, உடனே போர்ட் பிளேர் போனால் பிழைப்பார் என்றார் டாக்டர். ஹெலிகாப்டர் ஊரிலேயே நிற்கிறது, ஓடுங்கள் என்று அவரே சொன்னார். ஓடினேன். ஹெலிபேடில் விருந்தினருக்கு ஏற்பாடு செய்யும் ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரிடம் இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அதாவது சொன்னதாக நினைத்தேன். பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஐந்து மொழியும் ஒரே வாக்கியத்தில் வந்திருக்கும். "சீட் ஃபுல் ஹை" என்றார். ஹெலிகாப்டரின் ஜன்னல் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். கடைசி இருக்கையில் ஈரச்சாக்கு போர்த்திய கூடைகள். நண்டு. பெல்ட் போட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து விருந்தினர் வந்தார். ஏற்பாட்டாளர் என்னைக் காட்டி, இவர்தான் சார் அந்த ஜோக்கர் என்றார். விருந்தினர் முகம் மலர்ந்து, "பஹுத் படியா" என்று பாராட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழி மறித்துப் படுத்திருக்க வேண்டிய நான், அந்தப் பெரிய கை என் கைக்குள் வந்ததும் என்ன சொன்னேன் தெரியுமா? "தேங்க்யூ சார்." என் நாக்கை நான் இன்னமும் அதற்காகக் கேலி செய்கிறேன். ஆனால் அந்தக் கூடையை இறக்கச் சொல்ல அங்கே நின்ற ஒருவருக்கும் வாய் வரவில்லையே, அவர்களை எதைச் சொல்லிக் கேலி செய்வது? கேலிக்கு அடங்காத காரியம் அது. நண்டு பறந்தது. என் தொப்பியும் அந்தக் காற்றில் பறந்தது.

ஆம்புலன்ஸில் தெற்கே கிளம்பினோம். அக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். கதம்தலா ஊரைத் தாண்டியதும் அத்தான் கண் திறந்து என் இடுப்பைப் பார்த்தார். "அதக் கழட்டுடா மாப்ள, மானம் போவுது" என்றார். அதுதான் கடைசி. வழியில் கடலைக் கடக்க வேண்டிய படகுத்துறைக்குப் போனபோது, வண்டிகளை ஏற்றும் ஃபெர்ரி எதிர்க்கரையில் நின்றது. ஓடிப்போய்க் கையை ஆட்டினோம். அது இந்தக் கரைக்கு வந்து சேர்வதற்குள் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். பிழைத்திருப்பாரா என்று என்னைக் கேட்காதீர்கள். பிழைக்க ஓர் இருக்கை இருந்தது, அதில் நண்டு உட்கார்ந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது நெட் வேகமாகிவிட்டது. போன வாரம், மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருக்கும் எங்கள் அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். மரியாதையான பிள்ளை. எங்கிருந்தோ கிடைத்த அந்தப் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டி, சார், இந்த வருஷமும் நீங்கள் இதையே செய்ய வேண்டும் என்றார். திரையில் நான் இரட்டை இறக்கைக்கு நடுவே கைகளை வீசிக் கத்திக்கொண்டிருந்தேன். சிரிப்புச் சத்தம் அலை மாதிரி வந்தது. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் திரையில் கத்துவதை வார்த்தைக்கு வார்த்தை இந்தியில் சொன்னேன். விழுந்தவர் யார் என்பதையும், அவர் திரும்பி வராததையும் சொன்னேன்.

வீடியோவை நிறுத்தினார். சாரி என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, இந்த வருஷமும் சிறப்பு விருந்தினர் ஹெலிகாப்டரில்தான் வருகிறார், ஏதாவது நல்லதாகச் செய்துதான் ஆக வேண்டும் என்றார்.

"ஹெலிகாப்டர் திரும்பிப் போறப்ப எத்தன சீட் காலியா இருக்கும்?" என்று இந்தியில் கேட்டேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். ஊரில் என்னைப் பற்றி அப்படித்தானே சொல்லிவைத்திருப்பார்கள். நான் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். போனை எடுத்துக் கேட்டுச் சொல்லுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொடை நடுங்கத்தான் செய்தது. எழுந்திருக்கவில்லை.